எது கொசு? எந்தக் கொசு?



மாலை மயங்கி விளக்கு ஏற்றும் நேரம். வீட்டுச் சுவரில் ஒரு பூச்சி வந்து அமர்கிறது. மெலிந்த உடல், இரண்டே இறக்கைகள், விரல் நீளத்திற்கு நூல் போன்ற கால்கள். "ஐயோ, எவ்வளவு பெரிய கொசு!" என்று பிள்ளை அலறுகிறது. பாட்டி செருப்பைத் தேடுகிறார். இக்காட்சியை நம்மில் காணாதவர் இல்லை. இன்று நாம் குடியிருப்பது ஈப்போவில் ஒரு தாமானாக இருக்கலாம். தாப்பாவிலோ, பீடோரிலோ, சுங்கை சிப்புட்டிலோ, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தின் லயமாகவும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் பறந்து வருவதையெல்லாம் கொசு என்றே அழைத்துப் பழகிவிட்டோம்.

பாட்டி அடித்த அந்தப் பூச்சி கொசு அல்ல. அது யாரையும் கடிக்காது. கடிப்பதற்கு அதற்கு வாயும் இல்லை. "இருக்கட்டுமே, ஒரு பூச்சி செத்தால் என்ன?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை நம் தோட்டங்களின் பழைய வரலாற்றில் இருக்கிறது. எது கொசு, அதிலும் எந்தக் கொசு என்று அறியாதிருந்த காலத்தில் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதை அறிந்த பிறகே காய்ச்சல் அடங்கத் தொடங்கியது. இன்று அந்த வரலாற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடையாளம். கொசுவுக்கு முகத்தின் முன்னே ஊசி போல நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. இறக்கையின் நரம்புகளிலும் ஓரத்திலும் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. கொசுவை நசுக்கினால் கையில் ஒட்டும் கரும்பொடி அதுதான். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் அது கொசு. நாம் முதலில் கண்ட நீளக்கால் பூச்சிக்கு இவை கிடையா. அதன் கால்கள் தொட்டாலே கழன்றுவிடும். அதன் புழு ஈரமண்ணிலும் மக்கிய இலையிலும் வளரும். ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டைகளின் கரையில் மாலையில் புகைபோல் திரண்டு ஆடும் சிறு பூச்சிகளும் பெரும்பாலும் கொசுக்கள் அல்ல. அவற்றுள் ஆண் பூச்சிக்கு இறகு போன்ற மீசை இருக்கும், உறிஞ்சுகுழல் இராது. உட்காரும்போது முன்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கொசுவோ பின்கால்களைத் தூக்கி வைக்கும். குட்டைச் சேற்றில் நெளியும் செந்நிறப் புழுக்கள் இவற்றின் பிள்ளைகளே. மீன்களுக்கு அவை நல்ல உணவு.

இவ்வளவும் கொசுவைப் பிற பூச்சிகளிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள். கொசுக்களுக்குள்ளேயே எத்தனை வகை! நம் நாட்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட கொசு வகைகள் உள்ளன. அவற்றுள் நோய் பரப்புவன சிலவே. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்க மனிதன் பட்ட பாடுதான் நம் கதை.

1895ஆம் ஆண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் செகந்தராபாத்தில் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்ற ஐயம் அவருக்கு இருந்தது. நோயாளிகளின் மேல் கொசுக்களை விட்டுக் கடிக்கச் செய்தார். பின் அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து, நுண்ணோக்காடியில் வைத்துத் தேடினார். கண் மங்கிற்று; நுண்ணோக்காடியின் திருகாணிகளும் துருப்பிடித்தன. ஒன்றும் அகப்படவில்லை. ஏன்? அவர் வளர்த்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் வரி போட்ட கொசுக்களும். அவை மனித மலேரியாவைச் சுமப்பவை அல்ல. இறக்கையில் புள்ளிகள் உள்ள மற்றொரு வகை அவருக்கு 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம்தான் கிடைத்தது. அம்மாதம் 20ஆம் நாள், அப்புள்ளிக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் உருவைக் கண்டார். அதற்கு முந்தைய இரண்டாண்டு உழைப்பும் பயனின்றிப் போனதற்கு ஒரே காரணம், கொசு மாறிப்போனதுதான். இத்தாலியில் கிராசி என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1898இல் மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் என்ற இனமே என்று உறுதிப்படுத்தினர்.

இந்தச் செய்தி கடல் கடந்து வந்தபோது மலாயாவில் நம்மவர் நிலை எப்படி இருந்தது? காடுகளை வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, பேராக்கின் தீம்பார்களுக்கும் சிலாங்கூரின் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தனர். புதுமண்ணைக் கிளறினால் நச்சுக்காற்று கிளம்புகிறது, அதனால்தான் காய்ச்சல் என்றனர் சிலர். கூலிகள் பலவீனர், தூய்மை அறியாதவர் என்று பழி சொன்னவர்களும் உண்டு. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில், 1911ஆம் ஆண்டில் மட்டும் தோட்டத் தொழிலாளர்களுள் ஆயிரத்துக்கு அறுபது பேருக்கு மேல் இறந்தனர். ஏறத்தாழப் பதினாறு பேரில் ஒருவர், ஒரே ஆண்டில்! ஒரு லயத்தில் பதினாறு பேர் இருந்தால் அடுத்த ஆண்டுப் பெரட்டில் ஒருவர் இல்லை என்று பொருள். வயிற்றுக்கடுப்பும் பிற நோய்களும் உண்டு என்றாலும், பெரும்பங்கு மலேரியாவினுடையதே.

அந்நாளில் கிள்ளானில் மருத்துவராக 1901இல் பொறுப்பேற்றவர் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவ்வாண்டுதான் கிள்ளானுக்கு அருகே சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுவே. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர் காய்ச்சலில் சுருண்டு விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வாட்சன் ராஸின் கண்டுபிடிப்பை நம்பினார். சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டச் செய்தார், நீரை வடித்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. கடலோரத் தாழ்நிலத் தோட்டங்களிலும் இதே முறை பலித்தது. காட்டை வெட்டு, வாய்க்கால் வெட்டு, வெயில் படட்டும் என்பதே மந்திரமாயிற்று.

இங்கேதான் கதை திரும்புகிறது. இதே மந்திரத்தை மலையடிவாரத் தோட்டங்களில் சொன்னார்கள். அங்கும் காட்டை வெட்டினார்கள். பள்ளத்தாக்கு ஓடைகளைத் துப்புரவு செய்து வெயில் படும்படி திறந்துவிட்டார்கள். காய்ச்சல் குறைய வேண்டும் அல்லவா? கூடிற்று! சதுப்பும் சேறும் இல்லாத, கண்ணாடி போல் தெளிந்த நீர் ஓடும் இடத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தனர். ஓடையின் அழகைப் பார்த்துப் பக்கத்திலேயே லயம் கட்டியவர்களுக்கு அது எமனின் வாசலாயிற்று.

காரணம் என்ன? தாழ்நிலத்தில் மலேரியா பரப்பியது அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அம்ப்ரோசஸ் என்ற சொல்லுக்கே நிழல் நிறைந்தது என்று பொருள். அது காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். வெயில் பட்டால் ஒழிந்துபோகும். மலைப்பக்கத்தில் இருந்ததோ அனாஃபிலிஸ் மாக்குலாட்டஸ். மாக்குலாட்டஸ் என்றால் புள்ளியுடையது. அதன் இறக்கையிலும் காலிலும் வெண்புள்ளிகள் உண்டு. அது வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரையும் ஓடைநீரையும் தேடி முட்டையிடும். காட்டை வெட்டி, ஓடையைத் திறந்து, தொட்டில் கட்டி அதை வளர்த்தது மனிதனே! ஒரு கொசுவைக் கொல்லும் வழி மற்றொரு கொசுவை வளர்க்கும் வழியாக இருந்தது.

பிறகு முறையை மாற்றினார்கள். மலையோடைகளுக்கு அடியில் மண்குழாய்களைப் புதைத்து, நீரை நிலத்துக்குள்ளேயே ஓடச் செய்தார்கள். வெளியே நீரே தெரியாது. கொசு எங்கே முட்டையிடும்? குழாய் போட முடியாத இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் எண்ணெய்க் கலத்தைச் சுமந்து, பள்ளம் பள்ளமாக இறங்கி, வாரந்தோறும் ஓடைகளில் எண்ணெய் அடித்த தமிழர்களை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணெய்ப் படலம் புழுக்களின் மூச்சை அடைத்துக் கொன்றது.

தோட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்பதை அறியவும் வாட்சன் ஒரு வழியைக் கையாண்டார். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்ப்பார். அடிக்கடி மலேரியா வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கட்டி போல் தட்டுப்படும். எத்தனை குழந்தைகளுக்கு அப்படி இருக்கிறது என்று எண்ணினால் அந்த லயத்தின் நிலை தெரிந்துவிடும். ஓடையருகு லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றில் கட்டி இருக்கும். தொலைவிலிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு இராது. ஆபத்து எந்தப் பள்ளத்திலிருந்து வருகிறது என்பதற்கு நம் குழந்தைகளின் வயிறே சாட்சியாயிற்று.

நமது பேராக்கிலும் ஒரு பாடம் கிடைத்தது. பாகான் செராய், பாரிட் புந்தார் அடங்கிய கிரியான் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர் பலர் வந்து இறங்கிய இடம் அது. அங்கே 1906இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறிற்று. கண்ணுக்கெட்டிய வரை நீர் நின்ற நெல்வயல். கொசுவுக்கும் குறைவில்லை, அனாஃபிலிஸ் இனத்துக் கொசுக்களே அங்கு உண்டு. ஆயினும் வயலின் நடுவே வாழ்ந்தவர்களிடம் மலேரியா குறைவாகவே இருந்தது என்று வாட்சன் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அந்த வயல்களில் மிகுந்திருந்த கொசு, மலேரியாவைப் பரப்பும் வகை அன்று. நீரெல்லாம் பகையல்ல, அனாஃபிலிஸ் எல்லாமும் பகையல்ல. எந்த வகை எங்கே வளர்கிறது என்று அறிந்து, அதை மட்டும் குறிவைத்து அடிக்கும் இம்முறையை உலகம் பின்னர் மலாயாவிடமிருந்து கற்றுக்கொண்டது.

இதற்கெல்லாம் அடிப்படை வகைப்படுத்தும் வேலை. கோலாலம்பூரில் 1900இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. லெஸ்டர் என்ற மருத்துவர் மலாயாவின் கொசுக்களைப் பிடித்து, பார்த்து, விவரித்து எழுதிய நூல் 1908இல் வெளிவந்தது. இறக்கையில் எத்தனை புள்ளி, காலில் எத்தனை வெள்ளை வளையம் என்று எண்ணுவது வேலையற்றவர் வேலை போலத் தோன்றும். லயத்தில் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்திருந்தது.

யானைக்கால் நோயின் கதையும் இதுவே. நம் நாட்டின் சதுப்பு வட்டாரங்களில் அந்நோயைப் பரப்பும் மன்சோனியா என்ற கொசுவின் புழு, மூச்சுவிட நீரின் மேலே வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அதனுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மேலே எண்ணெய் ஊற்றி என்ன பயன்? செடியை அகற்றினால்தான் புழு ஒழியும்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களின் வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் போயின. எண்ணெய் அடிப்பதும் நின்றது. மலேரியா மீண்டும் தலைதூக்கியது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரிலும் எத்தனையோ பேரை அது கொண்டுபோயிற்று. போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தது. 1967இல் அரசாங்கம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீடு வீடாக வந்து சுவரில் மருந்தடித்ததும், காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா 2018 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் நம் நாட்டில் ஒருவருக்கும் காணப்படவில்லை. நூறாண்டுக்கு முன் பதினாறில் ஒருவரை இழந்த மக்களுக்கு இது சிறிய செய்தியா?

ஆனால் மலேரியாவின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. குரங்குகளிடம் உள்ள ஒருவகை மலேரியாக் கிருமி, காட்டோரக் கொசுக்களின் வழியாக மனிதரைத் தொற்றுகிறது. நோலெசி மலேரியா என்று அதற்குப் பெயர். காட்டோரத்தில் வேலை செய்வோரும் தோட்டத்தில் இருப்போரும் இன்றும் அதற்கு ஆளாகின்றனர். காட்டுப்பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், போய்வந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

லயத்தைவிட்டுத் தாமானுக்கு வந்த நமக்கு இன்று பெரும் பகை டிங்கி. மாக்குலாட்டஸைத் தேடி ஓடைக்குப் போவது போல் இதைத் தேடித் தொலைவு போகவேண்டாம். கருத்த உடல், கால்களில் வெள்ளை வளையம், பகலில் கடிக்கும் பழக்கம் ஆகியவை ஏடிஸ் கொசுவின் அடையாளங்கள். வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்டியின் முதுகில் வீணை வளைவு போன்ற வெள்ளைக் கோடுகள் இருக்கும். தோட்டத்திலும் புதரிலும் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸின் முதுகில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இவை சாக்கடையை விரும்புவதில்லை. சிறிதளவு தெளிந்த நீர் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தகரம் எதுவானாலும் சரி. கைவிடப்பட்ட ரப்பர் மரங்களில் தொங்கும் மங்குகளில் மழைநீர் தேங்கினால் அங்கும் ஏடிஸ் வளரும். பாட்டி பால் எடுத்த மங்கில் இன்று கொசு பால் குடிக்கிறது! முட்டைகள் காய்ந்த கலத்தில் மாதக்கணக்கில் உயிருடன் கிடக்கும். நீர் பட்டதும் பொரியும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். இரத்தக்கசிவுடன் கூடிய டிங்கி நம் நாட்டில் முதலில் 1962இல் பினாங்கில் கண்டறியப்பட்டது. 1973இல் அது நாடெங்கும் பரவியது. 1975இல் நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டமே வந்தது.

தவறான பகையை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. இது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டவரும் விழுந்தனர். கொசு என்றால் குழந்தையையும் கடிக்கும், அண்டை வீட்டாரையும் கடிக்கும் அல்லவா? இங்கே பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களே மிகுதியும் நோயுற்றனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவே நிப்பா. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவிவிட்டது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். அந்த முறை கொசுவின் மேல் வீண்பழி விழுந்தது. பழி விழுந்த காலமெல்லாம் உண்மைப் பகை தப்பித் திரிந்தது.

நேயர்களே, வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், பிள்ளைகளுடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். தேங்கிய நீரில் புழு கண்டால் உற்றுப் பாருங்கள். நீரின் மேல் மட்டமாகப் படுத்திருந்தால் அது அனாஃபிலிஸ் இனம். வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது குயூலெக்ஸ் இனம். சுவரில் அமரும் கொசு வாலைத் தூக்கிச் சாய்ந்து நின்றால் அனாஃபிலிஸ். சுவரோடு சுவராகப் படுத்தால் மற்றவை. நீளக்கால் பூச்சி வந்தால் பாட்டியிடமிருந்து செருப்பை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை அருகே அழைத்து, அதற்கு உறிஞ்சுகுழல் இல்லை என்று காட்டுங்கள்.

பள்ளத்தில் இறங்கிக் குழாய் புதைத்தவர்கள், முதுகில் எண்ணெய் சுமந்தவர்கள், வரிசையில் நின்று வயிற்றைக் காட்டிய குழந்தைகள் ஆகியோரின் பெயரை எந்த நூலும் எழுதிவைக்கவில்லை. ராஸ், வாட்சன் என்ற பெயர்களே நிலைத்தன. ஆயினும் அந்த அறிவு நம்மவர் உடலின் மேல் கற்கப்பட்ட அறிவு. விலை கொடுத்து வாங்கியதை வீணாக்காமல் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.